முடியில்லாத கினிப்பன்றியும் அதன் கூட்டாளியும்

உடம்பில் முடியே இல்லாத பிராணிக்குத் தோல் நோய் வந்தால் கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எதையும் விலக்கிப் பார்க்க வேண்டாம், முழுத் தோலும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. என் அனுபவத்தில் அது நேர் எதிர். தோல் தெரிகிறது என்பதாலேயே வளர்ப்பவர்கள் வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள், அந்த முடிவும் அநேகமாக ஒன்றேதான்: குளிர்காலம், ஹீட்டர் ஓடுகிறது, தோல் வறண்டுவிட்டது.

நான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவன். இப்போது டொராண்டோ பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் உதவியாளர் வேலை. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேண்டுமென்றால் வரிசையாகத் தேர்வுகள் எழுத வேண்டும், அது நடக்கிறபடி நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை எடை பார்ப்பது, பிராணியைப் பிடித்துக்கொள்வது, வந்தவரிடம் முதலில் விவரம் கேட்டு எழுதுவது, ஸ்லைடு போடுவது எல்லாம் என் பொறுப்பு. ஊரில் மாடும் ஆடும் தெருநாயும் நிறையப் பார்த்தேன், கினிப்பன்றியை ஆய்வகக் கூண்டில் பார்த்ததோடு சரி. இங்கே அதைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அதிலும் இந்த முடியில்லாத வகைக்கு ஸ்கின்னி பிக் என்று பெயர். மூக்கைச் சுற்றியும் பாதத்திலும் மட்டும் கொஞ்சம் முடி இருக்கும், மற்றபடி வழவழவென்று சுருக்கம் விழுந்த வெறும் தோல். 1978-இல் மான்ட்ரியாலில் ஆர்மண்ட் ஃப்ராப்பியே நிறுவனத்தின் ஆய்வகக் கினிப்பன்றிகளிடையே தானாக வந்த ஒரு மரபணு மாற்றம்தான் இதற்கு மூலம். முதலில் தோல் ஆராய்ச்சிக்காகத்தான் வளர்த்தார்கள், செல்லப்பிராணியானது அப்புறம். முடியில்லாததால் உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும், அதை ஈடுகட்டச் சாதாரணக் கினிப்பன்றியைவிட அதிகமாகத் தின்னும், அறையையும் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். கனடாவில் ஜனவரி மாதம் அறையைக் கதகதப்பாக வைத்தால் காற்று வறண்டுதான் போகும். ஆக, வறட்சி என்கிற பதில் எப்போதும் கையெட்டும் தூரத்தில் தயாராக இருக்கிறது. அதுதான் சிக்கலே.

நான் சொல்ல வந்த கினிப்பன்றியின் பெயர் பொட்டேட்டோ. ஆண், வயது இரண்டு இருக்கும். கொண்டுவந்தது ஒரு கல்லூரிப் பெண். கொஞ்ச நாளாகச் சொறிகிறது, தேங்காய் எண்ணெய் தடவுகிறேன், போகவில்லை என்றார். (நம்மூரில்தான் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் என்று நினைத்திருந்தேன். ஸ்கின்னி பிக் வளர்க்கிற வெள்ளைக்காரர்களும் அதே கட்சிதான்.) எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, உண்மையிலேயே வறண்ட தோலுக்கு அது உதவும். ஆனால் பொட்டேட்டோவின் முதுகில் எண்ணெய், தோல் செதில், வைக்கோல் தூசி எல்லாம் குழைந்து ஒரு பிசுக்காகப் படிந்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்த பிறகுதான் அடியில் இருந்தது தெரிந்தது: தோள்பட்டையிலும் காதுக்குப் பின்னாலும் உள்தொடையிலும் மஞ்சள் பாரித்த தடித்த பொருக்கு, அதன்மேல் நகம் கிழித்த கோடுகள். விலாவில் விரலை லேசாக வைத்தேன், பின்னங்கால் காற்றில் சொறிய ஆரம்பித்துவிட்டது, உடம்பை வளைத்து ஒரு கத்தல் வேறு. போன தடவை குறித்த எடையைவிடக் குறைந்தும் இருந்தது.

இந்த இடத்தில் டாக்டரம்மா கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. "ராத்திரி தூங்குதா?" தூங்கவில்லை என்றார் அந்தப் பெண். அதோடு போனில் ஒரு வீடியோவையும் காட்டினார்: சொறிந்துகொண்டே இருந்த பொட்டேட்டோ பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை உதறி, சில விநாடி வலிப்பு மாதிரி துடிக்கிறது. அவருக்கு அது வேறு நோய், தோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம். வறண்ட தோல் அரிக்கத்தான் செய்யும், ஆனால் தூக்கத்தைப் பறித்து எடையைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோகாது. கினிப்பன்றியில் அந்த அளவுக்கு அரிப்பு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரிக்சாகாரஸ் கேவியே என்கிற சொறி உண்ணியைத்தான். தோலுக்குள் குடைந்து வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத மைட். நாய்ச் சொறிக்குக் காரணமான சார்காப்டிஸின் குடும்பத்தைச் சேர்ந்தது.

சந்தேகம் வந்தவுடன் மற்றதையெல்லாம் விட்டுவிட முடியாது. வைட்டமின் சி: மனிதர்களைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் அதைத் தானே தயாரித்துக்கொள்ளாது, குறைந்தால் தோல் கெடும், மூட்டு வலிக்கும். தினமும் குடைமிளகாய் தின்கிறது, நடையிலும் நொண்டல் இல்லை, சரி. படர்தாமரை: பெரும்பாலும் முகத்தில் ஆரம்பிக்கும், இதற்கு முகம் சுத்தமாக இருந்தது. புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பதில் பெரிய பயனில்லை, கினிப்பன்றிக்கு வழக்கமாக வருகிற பூஞ்சை அதில் ஒளிராது. மாதிரி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோம். கூண்டில் விரிக்கும் துணி, அதைத் துவைக்கிற சோப்பு, வாசனைத் திரவம்: அதனால் வந்த ஒவ்வாமை என்றால் துணியில் படுகிற வயிறும் பாதமும்தான் முதலில் சிவக்கும், இங்கே வயிறு கிட்டத்தட்ட நன்றாக இருந்தது. முடியைப் பற்றிக்கொண்டு வாழ்கிற இன்னொரு வகை மைட்டும் பேனும் உண்டு, அவற்றுக்கு இந்த உடம்பில் பிடித்துக்கொள்ள இடமே கிடையாது. வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் ஏதாவது கொடுத்தீர்களா என்றும் கேட்டோம். பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிருக்கே உலை வைத்துவிடும். நல்லவேளை, கொடுக்கவில்லை.

தொட்டாலே துடிக்கிற பிராணியை விழித்த நிலையில் சுரண்டினால் மறுபடி வலிப்பு வரலாம் என்று டாக்டர் லேசாக மயக்கம் கொடுத்தார். கத்தி முனையில் ஒரு சொட்டு மினரல் ஆயில் வைத்து, பொருக்கின் ஓரத்தில் ரத்தம் கசிகிற வரை சுரண்டி எடுத்தோம். மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தேன். எண்ணெய்க் குமிழி, செதில், வைக்கோல் துணுக்கு. அடுத்த ஸ்லைடிலும் அதே கதை. கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. குடைந்து உள்ளே இருக்கிறது, சுரண்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெருநாய்களில் பார்த்தது, உடம்பு பூராவும் சொறி இருக்கும், ஸ்லைடு வெறுமையாக இருக்கும்.

அறைக்குத் திரும்பியபோது அந்தப் பெண் ஸ்வெட்டர் கையை ஏற்றிவிட்டு முன்கையின் உட்பக்கத்தைச் சொறிந்துகொண்டிருந்தார், பொட்டேட்டோவை அணைத்துப் பிடிக்கிற அதே இடம். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். "எனக்கும் வறட்சிதான்" என்று சிரித்தார். இந்த உண்ணி மனிதத் தோலில் பெருகாது, ஆனால் தற்காலிகமாகக் கடித்து அரிக்க வைக்கும். கூண்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அப்போதுதான் கேள்வி வந்தது. இருந்தது. துணைக்கென்று சமீபத்தில் கடையில் வாங்கிய, நல்ல அடர்த்தியான முடியுள்ள இன்னொரு ஆண். தனியாக வைத்துப் பார்க்காமல் நேராக ஒரே கூண்டில் விட்டிருக்கிறார். முதுகில் இருந்த கீறல்களை அது கடித்ததாகவே நினைத்திருந்தார். சண்டைக் கடி என்றால் பெரும்பாலும் பின்புறத்திலும் காதிலும் உதட்டிலும் இருக்கும், உள்தொடையில் பொருக்கு கட்டாது.

கூட்டாளியை மறுநாள் கொண்டுவரச் சொன்னோம். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. சொறியவில்லை, நன்றாகத் தின்கிறது. தொடைப் பக்கம் முடியை விலக்கினால் பொடுகு போல மெல்லிய செதில், அவ்வளவுதான். அங்கே எடுத்த ஸ்லைடில் கிடைத்தது. உருண்டை உடல், விளிம்பைத் தாண்டி அதிகம் நீளாத குட்டைக் கால்கள், விரல்ரேகை மாதிரி வரிவரியாகக் கோடுகள், பக்கத்திலேயே ஒரு முட்டை. டாக்டரைக் கூப்பிட்டேன், அவர் பார்த்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்து மருந்துச் சீட்டு எழுதினார்.

செலாமெக்டின், கழுத்துத் தோலில் சொட்டு மருந்து. நாய் பூனைக்கென்று விற்பதுதான், எடை பார்த்து டாக்டர் அளவு சொல்ல வேண்டும். அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக் காயவைத்தோம். முட்டைகளை மருந்து தொடாது என்பதால் திரும்பவும் போட வேண்டும், இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், முதல் தடவையிலேயே அரிப்பு குறைந்தவுடன் இரண்டாம் தவணைக்கு ஆளே வருவதில்லை. விரிப்புத் துணிகளை வெந்நீரில் துவைக்கவும், மரத்தாலான ஒளிவிடத்தைத் தூக்கிப் போடவும் சொன்னோம். கைக்கு உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினோம்.

அந்தப் பெண் ஒழுங்காக வந்தார், இரண்டையும் ஒரே பெட்டியில் தூக்கிக்கொண்டு. பொருக்கு உதிர்ந்து அடியில் இளஞ்சிவப்புத் தோல் வந்திருந்தது, விலாவைத் தடவினால் பொட்டேட்டோ சும்மா இருந்தது, எடையும் ஏறியிருந்தது. பூஞ்சைச் சோதனை முடிவும் அதற்குள் வந்திருந்தது, ஒன்றுமில்லை. முதுகில் மட்டும் கொஞ்சம் வெள்ளைச் செதில் மிச்சம். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது மட்டும் நிஜமாவே வறட்சிதான். எண்ணெய் ஒரு சொட்டு போதும், அறையில ஹியூமிடிஃபையர் வைங்க."