இழைப்பு மெஷினுக்குச் சக்கரம் மாட்டினேன்

என் பட்டறை 12க்கு 20 அடி. 180 கிலோ இழைப்பு மெஷின் அதன் நடுவில் உட்கார்ந்துவிட்டால் எட்டடிப் பலகையைத் திருப்ப இடம் இருக்காது. இத்தனை நாளும் கடப்பாரையால் நெம்பி, அடியில் பைப் துண்டுகளைக் கொடுத்து உருட்டித்தான் நகர்த்தினேன். போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் தள்ளிப்போடாமல், பெடலை மிதித்தால் கீழே இறங்கி மெஷினைத் தூக்கும் சக்கரம் நான்கு வாங்கிவிட்டேன்.

பிரேக் வைத்த சாதாரணச் சக்கரம் போதாதா என்று பலரும் கேட்டார்கள். போதாது. பிரேக் போட்டாலும் மெஷின் சக்கரத்தின் மேல்தான் நிற்கும். பலகையைத் தள்ளும்போது லேசாக ஆடும். அந்த ஆட்டம் இழைத்த முகத்தில் அலை அலையாகத் தெரியும். இந்த வகையில் வேலை நேரத்தில் சக்கரம் மேலே போய்விடும், மெஷின் தன் காலிலேயே நிற்கும்.

எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுத்தேன். தரை எங்கே ஒரே மட்டமாக இருக்கிறது? ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் மீதி மூன்றும்தான் சுமக்க வேண்டும். ஒன்றுக்கு 60 கிலோ வந்தது. 75 கிலோ தாங்குவதாகப் பார்த்து எடுத்தேன்.

ஸ்டாண்டின் தகடு மெல்லிசு. அதனால் உள்பக்கம் 5 மி.மீ. இரும்புப் பட்டை வைத்து, நைலான் வளையம் உள்ள நட்டு போட்டு இறுக்கினேன். சாதாரண நட்டு இந்த அதிர்வுக்குத் தாங்காது, கழன்றுவிடும்.

நான் சறுக்கியது உயரத்தில்தான். சக்கரம் மேலே போன நிலையில் அதற்கும் தரைக்கும் நடுவே 3 மி.மீ. மட்டும் விட்டிருந்தேன். பெடல் ரொம்பக் கடினமாக இருந்தது; உடம்பு எடை முழுவதையும் போட்டு மிதிக்க வேண்டியிருந்தது. இழைத்த பலகையிலோ அதே அலை. சந்தேகப்பட்டு, செய்தித்தாள் துண்டு ஒன்றை ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் நுழைத்து இழுத்துப் பார்த்தேன். மூன்றில் வழுக்கிக்கொண்டு வந்தது. நான்காவதில் கிழிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அந்த மூலையில் தரை மேடு. சக்கரம் மேலே போன பிறகும் அங்கே தரையை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

நான்கையும் கழற்றி, ஸ்டாண்டில் இருந்த போல்ட் ஓட்டைகளை அரத்தால் மேல்நோக்கி நீளமாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. சக்கரத்துக்கு அடியில் 8 மி.மீ. பிளைவுட் துண்டை வைத்து, மெஷின் காலில் நிற்கும்போதே போல்ட்டை இறுக்கினேன். சக்கரம் இறங்குவது மொத்தம் 20 மி.மீ.; அதில் 8 போக, மெஷின் 12 மி.மீ. எழும்புகிறது. என் தரையின் மேடுபள்ளத்துக்கு அது தாராளம். பெடலும் இலகுவாகிவிட்டது. கடைசியாக ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிபார்த்தேன்.

மிதிக்கும்போது ஒரு பக்கத்து இரண்டு பெடலையும் முதலில் இறக்கிவிட்டு, அப்புறம் எதிர்ப்பக்கம் போகிறேன். மூலைக்கு மூலை மாற்றி மிதித்தால் மெஷின் கோணலாகச் சாய்கிறது. பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி மெஷினின் மேசைமேல் வைத்த பிறகுதான் தள்ளுகிறேன். அதுவும் மேசையைப் பிடித்து அல்ல, கீழே ஸ்டாண்டைப் பிடித்து.