படுகையில் ஒரு குழி

குழி ஒன்றரை மீட்டர் ஆழம் போனதும், வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் மண்வெட்டியை மேலே நீட்டிவிட்டு, "தண்ணி ஊறுதும்மா, இதுக்கு மேல போனா கரை சரிஞ்சிடும்" என்றார். போதும் அண்ணே என்று சொல்லி அவர் ஏறிவர, நான் இறங்கினேன். கொள்ளிடத்தின் வடகரைப் படுகை, ஆற்றுக்கும் வெள்ளக் கரைக்கும் நடுவே கிடக்கும் நிலம். பிப்ரவரி மாதம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்துபோன அந்த வெள்ளம் வடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மேலே முல்லைக் கொடிகள் புதிதாகத் துளிர்த்திருந்தன. பக்கத்து வரப்பில் நிலத்துக்காரப் பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்து, தன் நிலத்துக்குள் நான் என்ன பார்க்கப்போகிறேன் என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

மண் ஆய்வில் அது எனக்கு எட்டாவது வருடம். ஆனாலும் படுகைக் குழிக்குள் இறங்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பயம் இருக்கும். அதற்குக் காரணம் மூன்றாம் வருடத்தில் நடந்த ஒரு பிழை.

நான் கரிசல் காட்டில் பிறந்தவள். மழை பெய்த மறுநாள் செருப்போடு வயலுக்குள் போனால் செருப்பு வயலிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். விரலில் ஒட்டியது, பளபளத்தது, பிசுபிசுத்தது எல்லாம் களி என்று என் கை சின்ன வயதிலேயே பாடம் படித்துவிட்டது. அந்தக் கையோடுதான் முதன்முறை டெல்டாவுக்கு வந்தேன். ஈரமான படுகை மண்ணை எடுத்துப் பிசைந்தேன், ஒட்டியது, பளபளத்தது. படிவத்தில் மண் நயம் என்ற கட்டத்தில், அதாவது மண் துகள் பருமனா சன்னமா என்று குறிக்கும் இடத்தில், களி என்று எழுதினேன். அடுத்த குழியிலும் அதையே எழுதினேன். பதினோரு குழிகளுக்கு அப்படி எழுதிய பிறகு ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. முதல் மாதிரியில் மணல் 18 விழுக்காடு, மணலைவிடச் சன்னமாகவும் களியைவிடப் பருமனாகவும் இருக்கும் வண்டல் துகள் 68, களி வெறும் 14. மற்றவையும் ஏறத்தாழ அப்படியே. களிமண்ணுக்குக் கிட்டத்தில்கூட வராத எண்கள். அது வண்டல் துகள் மிகுந்த மண்.

தாளில் ஒரு சொல்லைத் திருத்தினால் முடிந்துவிடுகிற பிழை அல்ல இது. களி என்று படித்தவர் தண்ணீர் தேங்கும் என்று கணக்குப் போடுவார், வடிகால் வெட்டச் சொல்வார். வண்டல் மண்ணின் சங்கடமோ வேறு. நல்ல மழை ஒன்று அடித்து வெயில் காய்ந்தால் மேலே பொருக்குத் தட்டிவிடும். வெண்டை விதை முளைத்தும் அதைக் கிழித்துக்கொண்டு வர முடியாமல் உள்ளேயே வளைந்து கிடக்கும். ஆற்றோரமாக இருந்தால் கரை அரிப்பில் முதலில் கரைந்துபோவதும் அதுதான். களிக்கு இருக்கும் பிடிப்பும் அதற்குக் கிடையாது, மணலுக்கு இருக்கும் எடையும் கிடையாது. அந்தப் பதினோரு இடங்களுக்கும் நான் திரும்பப் போனேன்.

அப்போது என்னோடு வந்த மூத்த அலுவலர்தான் என் கைக்கு மறுபடி அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். கொட்டைப்பாக்கு அளவு மண்ணை எடுத்து, தண்ணீர் விட்டு, இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து உள்ளங்கையில் தட்டையாக வைக்கச் சொன்னார். "இப்ப இந்தக் கையை அந்தக் கையால தட்டும்மா. பக்கவாட்டுல தட்டு." தட்டினேன். நாலாவது தட்டில் மண்ணின் முகத்தில் தண்ணீர் கசிந்து, நெய் தடவினாற்போல் மின்னியது. "இப்ப விரலை மடக்கி அமுக்கு." அமுக்கினேன். மினுக்கம் மறைந்தது. மண் சட்டென்று இறுகி, மங்கி, ஓரத்தில் வெடித்தது. திரும்பத் தட்டினால் திரும்ப மின்னியது. "களி இப்படிப் பண்ணாது. நீ எவ்வளவு தட்டினாலும் முகம் மாறாது. தண்ணியை இப்படி உடனே விடறதும் உடனே உறிஞ்சறதும் வண்டல்தான்."

அதோடு விடவில்லை. துளி மண்ணை முன்பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னார். முதலில் தயங்கினேன். மணல் நறநறக்கும். களி வெண்ணெய் மாதிரி வழுக்கும். இது இரண்டும் இல்லாமல், பல்லுக்கு மட்டுமே தெரிகிற ஒரு சன்னமான அரவமாக இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி நாடாவாக நீட்டிப் பார்த்தேன். கரிசல் மண் ஐந்து சென்டிமீட்டர் தாண்டியும் அறாமல் தொங்கும். இது இரண்டு சென்டிமீட்டர்கூடப் போகாமல் செதில் செதிலாக உடைந்து விழுந்தது. கடைசியில் கையைக் கழுவப் போனேன், வேண்டாம் என்றார். பேசிக்கொண்டே காயவிட்டோம். காய்ந்ததும் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினேன்; மைதா மாவு மாதிரிப் பறந்துபோனது. களியாக இருந்தால் நகக்கண்ணில் சாயங்காலம்வரை இருக்கும். இன்றைக்கும் எல்லாச் சோதனைகளையும் விட அந்தக் கடைசித் தட்டலைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

சரி, குழிக்கு வருகிறேன்.

வெயில் விழும் பக்கத்துச் சுவரை மேலிருந்து கீழாகக் கத்தியால் செதுக்கினேன். மண்வெட்டி பட்ட இடம் பூசி மெழுகினாற்போல் இருக்கும்; அதில் எதுவும் தெரியாது. கத்தி முனையால் பெயர்த்தெடுத்தால்தான் மண் தன் உடைவில் உடைந்து முகம் காட்டும். டேப்பை ஆணியில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு எதையும் எழுதாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்: படிவத்தைப் பையிலேயே வை.

மேலே 14 சென்டிமீட்டர் வரை மிருதுவான பழுப்பு வண்டல், வேர் நிறைய. அதன் கீழே 31 வரை நொய்மணல். அந்த மணலுக்குள் ஏடு ஏடாகப் படிந்த மெல்லிய கோடுகள், ஒவ்வொன்றும் நகத்தின் தடிமன். 31-இல் கத்தி வைத்து வெட்டினாற்போல் ஓர் எல்லை. அதற்குக் கீழே நிறம் சட்டென்று கருத்தது. மண்ணின் நிறத்துக்கு எண் கொடுக்கும் மன்செல் நிற அட்டையை வெயிலில் பிடித்து, மண்ணை நனைத்து ஒப்பிட்டேன். மேலடுக்கு 10 ஒய்ஆர் 4/3. கருத்த அடுக்கு 10 ஒய்ஆர் 3/3. அட்டையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள்தான், ஆனால் குழிச் சுவரில் அது ஊரே மாறினாற்போல் தெரிந்தது. கருத்த அடுக்கு 58 வரை. அதன்பின் 92 வரை கொஞ்சம் களி கலந்த வண்டல், பழைய வேர்கள் ஓடிய பாதையெல்லாம் துருப்பிடித்த ஆணி போன்ற செங்கோடுகள். தண்ணீர் ஏறியும் இறங்கியும் இரும்பு கரைந்து திரும்பப் படிந்த தடம் அது. அதற்கும் கீழே ஈர மணல், ஊறும் தண்ணீர்.

கருத்த அடுக்கைக் கிளறும்போது கத்தியில் ஒரு நூல் சிக்கியது. நீல நிற நைலான் நூல், உர மூட்டை தைக்கிற வகை. பெரியவரிடம் நீட்டினேன். வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"பாப்பா, இது எந்த ஆழத்துல கெடந்துச்சு?"

"முழங்கால் ஆழம்கூட இல்லைங்க ஐயா. ஒரு அடிக்குக் கீழே."

"அப்ப அதுதான் பழைய தரை. 2005 வெள்ளத்துக்கு முன்னாடி அதுலதான் கத்தரி போட்டிருந்தோம். வெள்ளம் வடிஞ்சு வந்து பார்த்தா வரப்பே காணோம், ஒரே மணலு. மேல இருக்கற இந்தப் பொடி வண்டல் போன ஆடியில வந்தது."

குழிச் சுவரில் நான் அரைமணி நேரம் படித்ததை அவர் வரப்பில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். கரிசலில் குழி வெட்டினால் மேலிருந்து கீழே வரை ஒரே மண். காலங்காலமாக வெடித்து, உள்ளே விழுந்து, புரண்டு தன்னைத்தானே கலக்கிக்கொண்ட மண். படுகையில் எந்த அடுக்கும் அங்கேயே உருவானதல்ல. ஒவ்வொன்றும் ஒருநாள் தண்ணீரோடு வந்து இறங்கியது. ஓட்டம் வேகமாக இருந்தபோது மணல், தளர்ந்தபோது வண்டல், தேங்கி நின்ற இடத்தில் களி. ஆய்வகத்தில் கண்ணாடி உருளைக்குள் மண்ணைக் கரைத்து விடும்போது நடப்பதும் இதுதான். 0.002 மில்லிமீட்டர் துகள் 20 டிகிரி வெப்பத்தில் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கொள்ளிடம் அதையே மைல் கணக்கில் செய்கிறது.

"முன்னெல்லாம் வெள்ளம் வந்தா நல்ல வண்டல் வரும் பாப்பா. இப்ப மணல்தான் வருது" என்றும் பெரியவர் சொன்னார். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்ததிலிருந்து மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் இந்த ஒரு குழியை வைத்து நான் அதை எழுத முடியாது. நாற்பது அடி தள்ளி ஆற்றை ஒட்டி வெட்டியிருந்தால் எல்லாமே மணலாக இருந்திருக்கும். ஆற்றை விட்டு வெள்ளக் கரைப் பக்கம் தள்ளி வெட்டியிருந்தால் களி வந்திருக்கும். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே குறித்துக்கொண்டேன். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதினேன்.

பெயர் வைக்கும் வேலை கடைசியில்தான். அமெரிக்க வேளாண் துறை 1975-இல் முதலில் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். அதன்படி இது பெரும்பாலும் யூஸ்டிஃப்ளூவென்ட் என்ற தொகுதிக்குள் வரும். ஃப்ளூவ் என்றால் ஆறு, என்ட் என்பது இன்னும் முதிராத இளம் மண்ணுக்கான விகுதி, யூஸ்ட் என்பது லத்தீனில் சுட்டெரித்ததைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, வருடத்தில் சில மாதம் காயும் நிலம். ஆனால் ஃப்ளூவென்ட் என்று உறுதி சொல்ல, கரிமச் சத்து ஆழம் போகப் போகச் சீராகக் குறையாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புதையுண்ட அந்தக் கத்தரித் தரைதான் அதற்குச் சாட்சி. அதை நான் தனி அடுக்காகப் பிரித்து, தனி மாதிரி எடுக்காமல் விட்டால், ஆய்வகத்துக்கு அது தெரியவே தெரியாது. மேலும் கீழும் கலந்த ஒரு சராசரி எண்தான் வரும்.

இதே மண்ணை அணைக்கட்டு, பாலம் கட்டுகிறவர்கள் 1970-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயத்தின்படி எம்எல், அதாவது குழைவு குறைந்த வண்டல், என்று எழுதக்கூடும். அவர்களுக்கு வண்டல் 0.075 மில்லிமீட்டர் வரை. எங்களுக்கு 0.05. பழைய மண் அறிக்கைகள் பல பின்பற்றிய பன்னாட்டு முறையில் 0.02-தான். ஒரே மண்ணுக்கு மூன்று வண்டல் விழுக்காடு வரும், மூன்றும் சரி. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் வண்டல் இத்தனை விழுக்காடு என்று எழுதிய அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிப் புத்தகத்தில் ஆறு கொண்டுவந்த மண் எல்லாமே வண்டல் மண். எங்கள் படிவத்தில் வண்டல் என்பது துகளின் அளவு. இந்தக் குழியின் ஐந்து அடுக்கும் முதல் பொருளில் வண்டல், இரண்டாவது பொருளில் மூன்று மட்டுமே. ஊர்க்காரர்கள் இதில் குழம்புவதில்லை. இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: நாதல்படுகை, வெள்ளமணல், முதலைமேடு திட்டு. படுகை, மணல், மேடு, திட்டு என்று எந்த இடம் எப்படிப்பட்டது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனபோது தீவாகிப்போனவையும் இந்த ஊர்கள்தான்.

மாதிரிப் பைகளைக் கட்டி, அடுக்கு எண்ணும் ஆழமும் எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் போட்டு முடிக்கும்போது மூன்று மணி. அண்ணன் குழியை மூட ஆரம்பித்தார். கைக்கு எட்டியது முதலில் என்று கரையோரம் கிடந்த மேல்மண்ணை அவர் தள்ளப்போக, பெரியவர் வரப்பிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"அட, அதை இல்ல தம்பி. அடி மணலை முதல்ல போடு. அது மேல கெடந்தா முல்லை புடிக்காது."

நல்லவேளை, வெட்டும்போதே மண்ணைக் குவியல் குவியலாகப் பிரித்துப் போடச் சொல்லியிருந்தேன். ஈர மணல் முதலில் போனது. பிறகு துருக்கோடு ஓடிய மண். பிறகு கத்தரித் தரை. பெரியவர் இறங்கி மிதித்து மிதித்து அமுக்கினார். அதன்மேல் 2005-இன் மணல், கடைசியாகப் போன ஆடியின் வண்டல். நீல நூலை என்னிடம் கேட்டு வாங்கி, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.