ஸ்காபரோவில் கல்விச் சபைத் தேர்தலுக்கு நின்ற அனுபவம்

2022 ஒக்ரோபர் 24 அன்று நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், ஆங்கிலப் பொதுப் பள்ளிகளுக்கான ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் 22 தொகுதிகளில் ஒன்றில் நான் நின்றேன். கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஓய்வுக்குப் பிறகும், வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் சப்ளை ரீச்சராக அவ்வப்போது போய்க்கொண்டிருந்தேன். முதல் இழுபறி அதில்தான் வந்தது.

ஒன்ராறியோ மாகாணத்தில் எந்தக் கல்விச் சபையில் வேலை செய்தாலும், வேட்புமனு கொடுக்குமுன் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும். வென்றால் வேலையை விட வேண்டும். சப்ளை ரீச்சருக்கு விடுப்புக் கடிதம் யார் தருவது என்று கேட்டால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. கடிதம் கைக்கு வந்த பிறகுதான் மனுவோடு போனேன்.

மனுக் கொடுப்பது சுலபம். நகரசபைக்கு நிற்பவர்கள் 25 வாக்காளர்களின் கையெழுத்து வாங்க வேண்டும். எங்களுக்கு அது இல்லை. படிவம், அடையாள அட்டை, 100 டொலர், அவ்வளவுதான். மனுக் கொடுக்குமுன் ஒரு சதமும் நன்கொடை வாங்கக் கூடாது. அதன் பிறகும் ஒருவரிடம் 1,200 டொலர்தான் உச்சம், நிறுவனங்கள் தரவே முடியாது. "ரீச்சர், கடைப் பேரிலை செக் எழுதட்டோ?" என்று ஆசையாகக் கேட்ட மளிகைக்கடைத் தம்பியை, சொந்தக் கணக்கிலிருந்து எழுதச் சொன்னேன். தொகை பாதியாகக் குறைந்தது!

வாக்காளர் பட்டியலைப் பார்த்தபோதுதான் உண்மையான வேலை எங்கே இருக்கிறது என்று விளங்கியது. இங்கே ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க என்று நாலு சபைகள். ஒருவர் எந்தச் சபையின் ஆதரவாளர் என்று பதிவாகியிருக்கிறதோ, அந்தச் சபைக்குத்தான் வாக்களிக்கலாம். ஒரே மாடியில் வரிசையாகத் தமிழ் வீடுகள். முதல் வீட்டில் எல்லோரும் கத்தோலிக்கச் சபைப் பக்கம், அடுத்த வீட்டில் இன்னும் குடியுரிமை வரவில்லை. மூன்றாவது வீட்டில் பிள்ளைகள் பொதுப் பள்ளியில் படிக்க, தாய் தகப்பனின் பெயர் மட்டும் கத்தோலிக்கச் சபையில் கிடந்தது. படிவம் நிரப்பி மாற்றலாம் என்று வாசலிலேயே நின்று விளக்கினேன். என் பேச்சு முடிவதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. ஆறுதலாகக் குடித்துவிட்டுத்தான் அடுத்த கதவு.

நான் ஆசிரியை என்பது கதவைத் திறக்க உதவியது, ஆனால் அதுவே எதிர்பார்ப்பையும் ஏற்றிவிட்டது. மகனின் வகுப்பை மாற்றித் தாருங்கள், பள்ளி பஸ் எங்கள் தெருவால் வரவேண்டும், அந்த ரீச்சர் சரியில்லை. எல்லாவற்றுக்கும் "அது என் கையில் வராது" என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையின் பிரச்சினையை அன்றைக்கே பார்த்துப் பழகியவளுக்கு அது தொண்டையில் சிக்கியது. ஒரு ஐயா நேரே கேட்டார்: "அப்ப பிள்ளை, உங்களுக்கு ஏன் வோட் போடவேணும்?"

நல்ல கேள்வி. சபை பள்ளியை நடத்துவதில்லை. அப்போது வரவுசெலவையும் கொள்கையையும் முடிவு செய்து, நடத்தும் பணிப்பாளரை நியமித்தது. 1998 முதல் கல்வி வரியின் விகிதத்தைத் தீர்மானிப்பதும் மாகாணம்தான். ஆனாலும் வந்த பணத்தில் விசேட கல்விக்கு எவ்வளவு, தமிழ் வகுப்புக்கு எவ்வளவு என்ற வாதம் அப்போது அந்த மேசையில்தான் நடந்தது. அதைச் சொன்னேன். ஐயா தலையாட்டினார், வாக்குப் போட்டாரோ தெரியாது.

மேயர் போட்டியின் சத்தத்தில் எங்களை யாரும் கவனிக்கவில்லை. நகரத்தில் வாக்களித்தவர்களே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதிலும் கல்விச் சபைக்கான இடத்தை வெறுமையாக விட்டதாகத் தெரிந்தவர்களே என்னிடம் சொன்னார்கள். நான் தோற்றேன். வித்தியாசம் பெரிதில்லை என்று மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது பெரிதாகத்தான் பட்டது.

தோற்றாலும் வேலை முடியாது. 2023 மார்ச் 31க்குள் நிதிக் கணக்கு கொடுக்க வேண்டும், தவறினால் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. தொண்டர்களுக்கு வாங்கிய கொத்துரொட்டிக்குக் கடைக்காரர் துண்டுக் காகிதத்தில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்திருந்தார். திரும்பப் போய் முறையான பில் எழுதி வாங்கினேன். நிற்க நினைப்பவர்கள் முதல் நாளே ஒரு கோப்பு வைத்துப் பில்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். கணக்குக் கொடுத்தால் அந்த 100 டொலரும் திரும்பி வரும்.