இயந்திரம் எழுகிறது, ஏஜென்ட் இணையவில்லை

அலுவலக வலைப்பின்னலுக்குள் இருக்கும் ஜென்கின்ஸ் (மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கருவி), பில்ட் வேலைக்கான சர்வர்களை, அதாவது ஏஜென்ட்டுகளை, தேவைப்படும்போது அமேசானின் வாடகைச் சர்வர் சேவையான இசி2-வில் எழுப்பும் இடங்களில், பிராக்சியால் (வெளியே போகும் கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும் சர்வர்) வரும் கோளாறு ஒன்று ஆளைப் படுத்தி எடுத்துவிடும். இசி2 கன்சோலில் இயந்திரம் பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். ஜென்கின்ஸிலோ ஏஜென்ட் ஆஃப்லைனாகவே கிடக்கும். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வரட்டும் என்று காத்திருப்பதாக லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப விழும்.

அந்த வரியைக் கண்டதும் பலரும் செக்யூரிட்டி குரூப்பையும் (இசி2-வின் ஃபயர்வால் விதிகள்) எஸ்எஸ்எச் சாவிக் கோப்பையும் குடையத் தொடங்குகிறார்கள். அதற்கு முன், எச்டிடிபி பிராக்சியைப் பயன்படுத்துவதாக அதே லாகில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுவதே முறை. ஜென்கின்ஸின் இசி2 ப்ளகின், அமேசானின் ஏபிஐ-யை அழைப்பதற்கு மட்டுமின்றி, எழுந்த இயந்திரத்தில் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டுக்குப் போவதற்கும் ஜென்கின்ஸில் கொடுத்துள்ள பிராக்சியையே எடுத்துக்கொள்கிறது. ஏபிஐ அழைப்பு எச்டிடிபிஎஸ்-க்கான 443ஆம் போர்ட் வழியாகப் போவதால் பிராக்சி அதை விட்டுவிடுகிறது, இயந்திரமும் எழுந்துவிடுகிறது. ஆனால் ஸ்க்விட் போன்ற பிராக்சி, இயல்பான அமைப்பில் 443 அல்லாத போர்ட்டுக்கு வரும் கனெக்ட் கோரிக்கையை (வழி திறந்துவிடக் கேட்பது) 403, அதாவது அனுமதி இல்லை, என்று திருப்பி அனுப்பிவிடுவதால், எஸ்எஸ்எச் அங்கேயே நின்றுபோகிறது.

ஆகவே ஏஜென்ட்டுகளின் பிரைவேட் ஐபி முகவரிகளை, பிராக்சி வழியாகப் போகக் கூடாத விதிவிலக்குகளுக்கான ஜென்கின்ஸின் 'நோ பிராக்சி ஹோஸ்ட்' பெட்டியில் சேர்க்க வேண்டும். 10.0 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும் குறிக்க அங்கே 10.0.0.0/16 என்று எழுதினால் பொருந்தாது, 10.0.* என்றுதான் எழுத வேண்டும். விதிவிலக்குப் பட்டியலை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகப் படிப்பது உண்மையிலேயே வேதனை தருகிறது: ஜாவாவின் நான்பிராக்சிஹோஸ்ட்ஸ் செங்குத்துக் கோட்டால் பிரிக்கச் சொல்கிறது, நோ_பிராக்சி என்ற சூழல் மாறிக்குக் காற்புள்ளி வேண்டும், கர்ல் என்ற கட்டளைக் கருவி 7.86.0 பதிப்புக்கு முன்பு /16 போன்ற குறியீட்டை ஏற்கவே இல்லை.

ஜென்கின்ஸே இசி2-வில் ஓடி, ஐஏஎம் ரோல் (இயந்திரத்துக்குத் தரப்படும் அனுமதித் தொகுப்பு) மூலம் அனுமதி பெறுவதாக இருந்தால், அதைக் கேட்டுப் பெறும் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியும் விதிவிலக்கில் இருக்க வேண்டும். அது அந்தந்த இயந்திரத்துக்குள் மட்டுமே பொருளுள்ள முகவரி. பிராக்சி வழியாகக் கேட்டால் விடையே வராமல் போகலாம், பிராக்சியும் இசி2-வில் இருந்தால் அதன் ரோலே வந்து சேரவும் கூடும். 2019-இல் வந்த ஐஎம்டிஎஸ் (இந்த மெட்டாடேட்டா சேவை) இரண்டாம் பதிப்பு, பிராக்சி வழியாக வந்ததைக் காட்டும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடருடன் வரும் கோரிக்கைக்கு டோக்கன் தர மறுப்பது இந்த ஆபத்தைத் தடுக்கத்தான்.