லென்ஸ் குழலில் புகுந்த மணல்: மூன்றாவது முயற்சியில் பாதி வெற்றி

பல ஆண்டுகளாக அலமாரியில் முடங்கிக் கிடந்த என் கையடக்க டிஜிட்டல் கேமரா, நேற்றிரவு லென்ஸை முழுவதுமாக நீட்டி, சமையலறைச் சுவரைத் திரையில் காட்டியது. தனுஷ்கோடிக் காற்றில் மணல் புகுந்த நாளிலிருந்து, பொத்தானை அழுத்தினால் லென்ஸ் பாதி தூரம் வந்து, கரகரவென்று அரைத்துவிட்டு, லென்ஸ் பிழை என்ற அறிவிப்போடு அணைந்துபோவதே அதன் வழக்கமாக இருந்தது. பழுதுபார்க்கும் நிலையத்தில், இந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவதில்லை என்று கூறிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள்; பார்த்ததற்கான கட்டணத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே தாளில் ஒட்டிவைப்பது, தட்டையான ரிப்பன் கேபிளை இழுக்குமுன் கனெக்டரின் பூட்டு மேலே புரளும் வகையா வெளியே நகரும் வகையா என்று பார்ப்பது முதலியவற்றை இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கியைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். பேட்டரியைக் கழற்றி ஒரு நாள் கழித்து அளந்தபோதும் அதில் 210 வோல்ட் மிச்சமிருந்தது. முழுமையாக ஏறினால் 300 வோல்ட்டை ஒட்டி நிற்கும். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. 2.2 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் இரு கால்களிலும் காப்புறையிட்ட கம்பியைப் பற்றவைத்து வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று நொடி தொட்டு, மறுபடி மீட்டரில் பார்த்த பிறகே கை வைப்பேன்.

கோளாறுக்குக் காரணமான மணல், ரவையில் பாதிகூட இராத ஒரே ஒரு துகள், ஜூம் மோட்டாரிலிருந்து மூன்றாவதாக இருக்கும் நைலான் கியரின் இரு பற்களுக்கிடையே உட்கார்ந்திருந்தது. பல் ஒன்றின் விளிம்பு சற்றே நசுங்கியிருந்தாலும் ஓட்டம் தடைபடவில்லை. தூரிகையால் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததோடு அந்த வேலை பத்தே நிமிடத்தில் முடிந்தது. மீதி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் விழுங்கியது, பிரித்த குழல்களை மீண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்த வேலைதான்.

வெளிக்குழலின் உட்புறத்தில் சாய்வான மூன்று பள்ளங்கள் ஓடுகின்றன. சுழலும் வளையத்தின் மூன்று முளைகளும் அவற்றில் ஏறி நகர்ந்தால்தான் லென்ஸ் முன்னும் பின்னும் செல்லும். முளைகள் 120 பாகை இடைவெளியில் இருப்பதால், எந்த முளையை எந்தப் பள்ளத்தில் வைத்தாலும் வளையம் இறங்கிவிடும். இறங்குவது வேறு, சரியாக இறங்குவது வேறு என்பது மோட்டாரை ஓட்டிய பிறகே தெரிகிறது. முதல் முறை ஒரு பள்ளம் தள்ளி மாட்டியதால், சுழலாமல் நேராக நகரவேண்டிய உள்வளையத்தின் திறப்பு ஷட்டரின் ரிப்பனுக்கு எதிரே வரவில்லை. குழல் பாதியில் நின்றது. இரண்டாம் முறை பள்ளம் சரி, ஆனால் ரிப்பன் தன் பழைய மடிப்பில் அமராமல் இரு வளையங்களுக்கு நடுவே நசுங்கியது. அதன் ஆறு தடங்களையும் மீட்டரில் ஒவ்வொன்றாகத் தொட்டு, தடம் அறுபடவில்லை என்பதற்கான ஒலியை ஆறு முறையும் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றாம் முறை, முதலில் பிரித்தபோது எடுத்த படங்களைப் பார்த்து, சரியான முளைக்கும் பள்ளத்துக்கும் மகளின் நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொண்டு, ரிப்பனை இடுக்கியால் மடிப்பிலேயே பிடித்தபடி வளையத்தைச் சுழற்றினேன். கையில் எந்த உறுத்தலும் இல்லாமல் அது வழுக்கிக்கொண்டு போனது.

ஜப்பானிய வகைத் திருகுகளுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரநிலை) முனையுள்ள திருப்புளி வேண்டும் என்பதை இரண்டு தலைகளை மழுக்கிய பிறகு ஒப்புக்கொண்டு, சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி ஒன்று வாங்கினேன். அங்கேயே, இதே மாடலில் திரை உடைந்த கேமரா ஒன்றும் 400 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் ஒளியைப் படமாக்கும் சென்சாருக்கு முன்னுள்ள, அகச்சிவப்பைத் தடுக்கும் நீலநிறக் கண்ணாடியை எடுத்துவிட்டு அகச்சிவப்புப் படங்கள் எடுக்கும் எண்ணம் இருக்கிறது. அப்படி எடுத்தால் படம் தெளிவாக விழும் இடமான குவியம் அக்கண்ணாடித் தடிமனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு லென்ஸின் பக்கம் நகரும் என்பதால், அதே தடிமனில் சாதாரணக் கண்ணாடியை வெட்டி வைக்கவேண்டும்; வெட்டித்தரும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குமுன் இந்தக் கேமராவை முடித்தாக வேண்டும். தூசு துடைக்கும் ஆசையில் சென்சார் தகட்டின் மூன்று திருகுகளையும், எத்தனை சுற்றில் இருந்தன என்று குறிக்காமல் கழற்றியது என் மடமை. அவை வெறும் பிடிமானத் திருகுகள் அல்ல; அடியிலுள்ள சுருள்வில்களோடு சேர்ந்து தகட்டின் சாய்வைத் தீர்மானிப்பவை. சுவரில் ஒட்டிய நாளிதழைப் படமெடுத்தால், நடுவில் ராசிபலன்கூடப் படிக்க முடிகிறது, இடது ஓரத்தில் தலைப்பே கலங்குகிறது. திரையை அதன் ரிப்பனிலேயே பக்கவாட்டில் சாய்த்துவைத்து, ஒவ்வொரு முறையும் மின்தேக்கியை வடித்துவிட்டு, இடப்பக்கத் திருகைக் கால் சுற்று இறுக்கிப் பார்த்தேன். இடது ஓரம் தெளிந்துவிட்டது. இப்போது வலது மேல் மூலை கலங்குகிறது.