மஞ்சள் 14: சுக்கானில் 151 கோடா, 158 கோடா?

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்விமானி ஹான்ஸ்-யோவாகிம் மார்சேயின் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 விமானத்தை 1/48 அளவில் மாடலாகக் கட்ட உட்காருகிறவர்கள், பெட்டியைப் பிரித்ததும் காக்பிட்டில் கை வைப்பார்கள். இந்த மாடலுக்கு அது சரிப்படாது. ‘மஞ்சள் 14’ ஒரே விமானத்தின் பெயரல்ல. ஒரு விமானம் போய் அடுத்தது வந்தபோதெல்லாம் அதன் பக்கவாட்டில் ஏறிக்கொண்ட எண் அது. வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் வாலின் சுக்கானில் ஒரு கோடு ஏறும். எந்த மாதத்து விமானம் என்று முடிவு செய்யாமல் பசையைத் திறந்தால், பிப்ரவரி உடம்பில் செப்டம்பர் சுக்கான் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆகவே முதல் வேலை தேதி. மார்சே பெர்லினில் 13 டிசம்பர் 1919 அன்று பிறந்தவர். முதல் வான்வெற்றி 24 ஆகஸ்ட் 1940 அன்று, இங்கிலாந்துப் போரில். அந்தக் கட்டத்தில் மொத்தம் 7 வெற்றிகள். ஆனால் தானும் பல விமானங்களை இழந்தார், ஒருமுறை ஆங்கிலக் கால்வாயில் விழுந்து மீட்கப்பட்டார். ஒழுங்கு போதாது என்று ஜேஜி 52 படைப்பிரிவிலிருந்து அங்கிருந்த மேலதிகாரி ஸ்டைன்ஹோஃப் அவரை வெளியே அனுப்ப, எட்வார்ட் நோய்மனின் கீழிருந்த ஜேஜி 27-இன் முதல் பிரிவுக்கு வந்து, ஏப்ரல் 1941-இல் லிபியா சேர்ந்தார். அங்கேயும் தொடக்கம் சுகமில்லை. 23 ஏப்ரல் அன்று ஜேம்ஸ் டெனி என்ற பிரெஞ்சு விமானி சுட்டுத் துளைத்ததில் டொப்ரூக் அருகே வயிற்றில் இறங்க வேண்டியதாயிற்று. அதுவரை பறந்தது பிஎஃப் 109-இன் இ வகை: சதுர இறக்கை நுனி, வால் இறக்கைக்கு அடியில் முட்டுக்கம்பி. புகழ் வந்தது எஃப்-4/ட்ராப் (வெப்பநாடுகளுக்கான) வகையில்தான். உருண்ட நுனி, முட்டுக்கம்பி கிடையாது, உள்ளே மடங்கும் வால் சக்கரம்.

எஃப்-4-க்குள்ளும் தேர்வு இருக்கிறது. பிப்ரவரி 1942 என்றால் சுக்கானில் 50 கோடுகள். நைட்ஸ் கிராஸ் என்ற வீரப்பதக்கம் கிடைத்தது அந்த மாதம் 22-ஆம் தேதி. 17 ஜூன் என்றால் 101. இங்கே எடுத்துக்கொண்டது செப்டம்பர் 1942, எகிப்தின் கொத்தைஃபியா தளம், வெர்க் நம்பர் (தொழிற்சாலை வரிசை எண்) 8673. காரணம் சுக்கானே. 100 என்ற எண்ணைச் சுற்றி இலை வளையம், அதன் கீழே மிச்சக் கோடுகள். எத்தனை என்பதுதான் தகராறு. அதைப் பிறகு பார்ப்போம்.

கிட்டில் பாகங்களை ஒட்டுமுன் அளந்துகொள்வது நல்லது. நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 9.92 மீட்டர், 1/48-இல் 207 மி.மீ. வரவேண்டும். இந்தக் கிட்டில் 206.5 வந்தது, பரவாயில்லை.

காக்பிட்டுக்கு ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சின் நிற எண்) 66 கருஞ்சாம்பல் (மிஸ்டர் கலர் பெயின்டில் சி 116). முந்தைய தயாரிப்புகளில் 02 சாம்பல் வரும்; தேதியைப் பிடித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. வலப்பக்கச் சுவரில் ஓடும் எரிபொருள் குழாயை மஞ்சளாக்கி, கண்ணாடித் துண்டு வரும் இடத்தை மட்டும் விட்டுவிடவும். சக்கரக் குழிக்கும் கால்களுக்கும் 02 (சி 60).

உடம்பின் இரு பாதிகளையும் மூடும் முன் மூக்குப் பகுதியை உலர்வாகப் பொருத்திப் பார்ப்பது கட்டாயம். எஞ்சின் மூடியின் மேல்பாகம் தனித் துண்டாக வரும் கிட்களில் காக்பிட் தொட்டி அரை மில்லி மேலே உட்கார்ந்தாலும் மூடி பொருந்தாது. தொட்டியின் அடிப்பக்கத்தை 400 சாண்ட் பேப்பரில் தேய்த்தால் சரியாகிவிடும். புட்டி போட்டு மறைக்கப் பார்த்தால் துப்பாக்கிப் பள்ளங்களின் வரி அழியும். அந்த இரண்டு பள்ளங்களும் 7.92 மி.மீ. எம்ஜி 17-களுக்கு, 20 மி.மீ. பீரங்கி ப்ரொப்பெல்லர் நடுவிலிருந்து சுடும். ஸ்பின்னர் (ப்ரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பு) துளையை 0.8 மி.மீ. துரப்பணத்தால் ஆழப்படுத்தாவிட்டால் பொம்மை போல் தெரியும்.

இடப்பக்க மணல் வடிகட்டியில்தான் பலர் தவறுகிறார்கள். அதன் முன்னால் சிப்பி போல் திறந்து மூடும் இரண்டு கதவுகள் உண்டு. தரையில் ஓடும்போது மூடியிருந்தால் காற்று பக்கவாட்டு வடிகட்டி வழியே போகும். மேலே போனபின் திறப்பார்கள். கால் நீட்டி நிற்கும் மாடலுக்கு மூடிய கதவுதான் பொருத்தம்.

இறக்கை முன்விளிம்பு ஸ்லாட்கள் தனித் துண்டாக இருந்தால் வெளியே தள்ளியே ஒட்டவும். வேகம் குறைந்தால் அவை தானாக இறங்கிவிடும், நிற்கும்போதும் பெரும்பாலும் அப்படியேதான். மார்சேயின் சண்டை முறைக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு உண்டு. பாதுகாப்புக்காக வட்டமடிக்கும் எதிரி விமானங்களுக்கு நடுவே புகுந்து, த்ராட்டிலைக் குறைத்து, சில சமயம் ஃப்ளாப்பையும் இறக்கி, குறுகிய வளைவில் திரும்பி, எதிரி வந்து சேரப்போகும் இடத்தை நோக்கிச் சுடுவார். அந்த வளைவில் விமானம் கவிழாமல் தாங்கியவை இந்த ஸ்லாட்கள். 3 ஜூன் 1942 அன்று தென்னாப்பிரிக்க விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரனின் டோமஹாக் போர்விமானங்களில் 6-ஐ ஒரே சண்டையில் வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது இப்படித்தான்.

நிறம். வெள்ளையை முதலில் அடித்துவிட வேண்டும்: உடம்பின் பின்பட்டை, இறக்கை நுனிகளின் அடிப்பக்கம். மணல் நிறத்தின் மேல் பிறகு வெள்ளை அடித்தால் நாலு கோட் போனாலும் மஞ்சள் அடிக்கும், விளிம்பும் தடித்துவிடும். வெள்ளை காய 24 மணி நேரம், பிறகு டேப். அடுத்து அடிப்பக்கத்துக்கு 78 வெளிர்நீலம் (சி 118), கடைசியாக மேலே 79 மணல் மஞ்சள் (சி 119). ஒரு பங்கு பெயின்ட், இரண்டு பங்கு தின்னர், ஏர்பிரஷில் 0.3 மி.மீ. நாசில், 12 முதல் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் வெளுத்துப் பூத்துவிடும். தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்தால் தப்பிக்கலாம், மழை நாளில் அதுவும் கைகொடுக்காது.

79-ஐப் பாட்டிலிலிருந்து அப்படியே அடித்தால் கருத்த பழுப்பாக நிற்கும். முதல் கோட் அப்படியே, இரண்டாவதில் 10 சதவீதம் வெள்ளை, பேனல்களின் நடுவில் மட்டும். வெயிலில் வெளுத்த மணல் நிறம் வந்துவிடுகிறது. இரண்டு நிறங்களும் சந்திக்கும் எல்லையின் உயரத்தைப் பெட்டிப் படத்தை விடப் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யவும். ப்ரொப்பெல்லருக்கு 70 கரும்பச்சை (சி 18).

பெயின்ட் உரிந்த தடங்களைக் கொட்டித் தீர்ப்பது பாலைவன மாடல்களின் வியாதி. இந்த எஃப்-4-கள் பல வருஷம் உழைத்தவை அல்ல. ப்ரொப்பெல்லர் விளிம்பிலும், இடது இறக்கை வேரில் ஏறும் இடத்திலும் கொஞ்சம் வெள்ளி, புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு கறுப்பு இழுப்பு. போதும்.

டெக்கலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் படங்களுக்கு) முன் பளபளப்பு வார்னிஷ். மஞ்சள் எண்கள் மணல் நிறத்தின் மேல் நனைந்த காகிதம் மாதிரி அடிநிறத்தைக் காட்டும். அதே எண்ணின் உருவில் வெள்ளை டெக்கலை வெட்டி அடியில் வைத்தால் நிறம் எழும். வாலின் ஸ்வஸ்திகா சட்டக் கட்டுப்பாடு காரணமாகப் பல தாள்களில் இரண்டு துண்டாக வருகிறது. ஒரு பாதி முழுக்கக் காய்ந்தபின் மறு பாதியை வைக்கவும், ஈரத்தோடு சேர்த்தால் இரண்டும் நழுவும். எரிபொருள் முக்கோணத்தில் ஆக்டேன் எண் 87 என்றிருக்க வேண்டும். 100 என்றிருப்பது டிபி 601என் எஞ்சின் கொண்ட எஃப்-2-வுக்கு. தாள் இரண்டையும் தருகிறது, கவனமில்லாமல் எடுத்தால் போச்சு.

சுக்கானைத் தனியாகவே வைத்து முடித்து ஒட்டுவது சுலபம். துணி போர்த்திய பாகம் என்பதால் விலா வரிகள் எழும்பியிருக்கும். டெக்கல் அவற்றின் மேல் கூடாரம் போட்டுக் காற்றைப் பிடித்து வெள்ளியாக மினுங்கும். மென்மையாக்கும் திரவம் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி. அவசரப்பட்டுத் தூரிகையால் அமுக்கினால் கோடுகள் கோணிவிடும்.

இப்போது எண்ணிக்கை. 1 செப்டம்பர் 1942 அன்று ஒரே நாளில் 17 வெற்றிகளுக்கு உரிமை கோரினார். 3-ஆம் தேதி வைரங்கள் பதித்த நைட்ஸ் கிராஸ். 15-ஆம் தேதி இன்னும் 7, மொத்தம் 151. கடைசி 7 வந்தது 26 செப்டம்பரில், அன்று அவர் பறந்தது எஃப்-4 அல்ல, புதிதாக வந்த ஜி-2/ட்ராப். அதன் டிபி 605 எஞ்சின் அடிக்கடி பழுதாகிறது என்று மறுத்துக்கொண்டிருந்தவர், ஃபீல்டு மார்ஷல் கெஸ்ஸல்ரிங் உத்தரவிட்டதால் ஏறினார். 30 செப்டம்பர் அன்று வெர்க் நம்பர் 14256-இல் திரும்பி வரும்போது எஞ்சினிலிருந்து காக்பிட் முழுக்கப் புகை. விமானத்தைக் கவிழ்த்துக் குதித்தபோது வால் துடுப்பு மார்பில் மோத, பாராசூட் விரியவே இல்லை. சிதி அப்துல் ரஹ்மானுக்குத் தெற்கே விழுந்தார், வயது 22.

ஆக, 8673 பறந்துகொண்டிருந்த நாளைக் காட்டுவதானால் வளையத்துக்குக் கீழே 51 கோடுகள்தான் நியாயம். ஆனால் பெர்லின்-காட்டோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அதே விமானத்தின் சுக்கானில் 158 இருக்கிறது. டெக்கல் தாள்கள் அதைப் பார்த்தே 58 கோடு தருகின்றன. இந்த மாடலில் கடைசி 7 கோடுகளைப் புதிய பிளேடால், தண்ணீரில் நனைக்கும் முன்பே வெட்டி எடுத்தாயிற்று. நனைத்தபின் வெட்டினால் ஓரம் சுருளும். இன்னொன்று: கோடுகள் எல்லாமே அவர் தரப்புக் கணக்கு. நேசநாடுகளின் இழப்புப் பதிவோடு வைத்துப் பார்த்தால் பல நாள்கள் ஒத்துப்போவதில்லை.

ஜி-2 கட்ட நினைப்பவர்கள் இதே கிட்டை மாற்றப் பார்க்க வேண்டாம். முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள முக்கோண ஜன்னல்கள் ஜி-யில் கிடையாது, ஸ்பின்னருக்குப் பின்னால் சிறு காற்றுத் துளைகள் கூடுதல். வேறு கிட் வாங்குவதே மலிவு.

கேனபிக்கு (காக்பிட்டின் கண்ணாடி மூடிக்கு) வெள்ளைப் பசை மட்டும். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியைப் பனிபடிந்ததாக்கும். திறந்து வைத்தால் வலப்பக்கமாகச் சாயும். ஆன்டெனாக் கம்பிக்கு இழுபடும் நூல். இடது இறக்கைக்கு அடியிலுள்ள பிட்டோ குழாய் (வேகம் அளக்க உதவுவது) கடைசியில்தான், மங்கல் வார்னிஷும் காய்ந்தபின். பிளாஸ்டிக் குழாய் இரண்டு முறை ஒடிந்துவிட்டதால் 0.4 மி.மீ. ஊசியில் ஒன்று செய்து செருகியிருக்கிறது.