எருசலேமில் லேவியரின் பாட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு

எருசலேமின் குப்பைமேட்டு வாசலை ஒட்டிய தொல்லியல் பூங்காவில், கி.பி. 70-ல் இடிக்கப்பட்ட யூத ஆலயத்தின் தெற்கு மதிலடிப் படிகள் இருக்கின்றன. யாத்திரைக் குழுக்கள் உட்கார்ந்து ஆரோகண சங்கீதங்களை (120 முதல் 134 வரை) வாசிப்பது இங்கேதான். சனிக்கிழமை பூங்கா திறக்காது. படிகள் ஒன்று அகலமும் அடுத்தது குறுகலுமாக மாறி மாறி வரும். வேதத்தில் கண்ணை வைத்துக்கொண்டு ஏறினால் கால் தடுக்கும். உட்கார்ந்து வாசியுங்கள்.

ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்தாரான லேவியர் நின்று பாடிய 15 படிகள் இவைதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவை ஜனங்கள் ஏறிவந்த படிகள். லேவியரின் படிகள் ஆலயத்துக்குள்ளே, பெண்கள் பிராகாரத்துக்கு மேல், நிக்கானோர் வாசலின் முன்னே அரைவட்டமாக இருந்தவை. அங்கும் தினமும் பாடவில்லை. கூடாரப் பண்டிகையில் தண்ணீர் மொள்ளும் விழாவின் இரவுகளில் பாடினார்கள். தினசரிப் பாட்டு பலிபீடத்தருகே ஒரு மேடையில் நடந்தது. மேடையில் 12 லேவியருக்குக் குறையக்கூடாது.

அந்தப் பாட்டுக்கு வேளை ஒன்றுதான்: திராட்சரசப் பானபலி ஊற்றும் நேரம். பிரதான ஆசாரியரே பலி செலுத்தும் நாளின் ஒழுங்கை மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு படிப்படியாகச் சொல்கிறது. இரண்டு ஆசாரியர் வெள்ளிப் பூரிகைகளை ஊதுவார்கள்: ஒரு நீள ஓசை, ஒரு அதிரும் ஓசை, மறுபடி நீள ஓசை. பிறகு தாளக்காரன் பென் அர்சாவின் வலமும் இடமுமாக வந்து நிற்பார்கள். பிரதான ஆசாரியர் ஊற்றக் குனிந்ததும், அவருக்கு அடுத்த அதிகாரி கையிலுள்ள துணியை வீசுவார்; பென் அர்சா தாளம் தட்டுவான்; லேவியர் பாடத் தொடங்குவார்கள். சங்கீதத்தின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பூரிகை ஒலிக்க, ஜனங்கள் பணிந்து விழுவார்கள். மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றிலும் மூன்று ஊதல். காலைப் பலிக்கு 9, மாலைப் பலிக்கு 9, வாசல் திறக்க 3: ஒரு நாளைக்குக் குறைந்தது 21. அதிகபட்சம் 48.

எந்த நாளுக்கு எந்தச் சங்கீதம் என்பதும் தீர்மானமானது: ஞாயிறு முதல் வரிசையாக 24, 48, 82, 94, 81, 93, ஓய்வுநாளில் 92. நீங்கள் போகும் கிழமைக்குரியதை வாசிப்பது, எல்லாரும் பாடுகிற 122-ஐவிடப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

வாத்தியங்களுக்கும் கணக்கு உண்டு. தம்புரு (யாழ் போன்ற தந்தி வாத்தியம்) 2 முதல் 6 வரை. சுரமண்டலம் (இதுவும் யாழ் வகை) 9-க்குக் குறையாமல், மேலே எத்தனையும். கைத்தாளம் ஒன்றே ஒன்று. குழல் ஆண்டில் 12 நாட்கள் மட்டுமே பலிபீடத்தின் முன் ஒலிக்கும். அதுவும் வெண்கலக் குழல் அல்ல, நாணல் குழல், அதன் ஓசைதான் இனிமை என்பதால். தந்திகள் ஆட்டுக்குடலில் செய்தவை. தம்புருவுக்குப் பெருங்குடல், சுரமண்டலத்துக்குச் சிறுகுடல். குடல் தந்தி அறுந்துபோகும். ஓய்வுநாளில் அறுந்தால் ஆலயத்துக்குள் அதை முடிந்துகொள்ளலாம், வெளியே கூடாது. புதுத் தந்தி பூட்டுவது எங்கும் கூடாது. லேவியச் சிறுவர்களும் குரலுக்கு இனிமை சேர்க்கப் பாடினார்கள், ஆனால் மேடையில் ஏறாமல் கீழே நின்று.

இத்தனை ஒழுங்கிலும் ஒருமுறை பாட்டு குழம்பியது. புதுநிலவைக் கண்டதாகச் சாட்சிகள் வந்து சொன்னால்தான் புது மாதமும் அதன் பண்டிகையும் தொடங்கும்; அவர்கள் தாமதித்ததால், அது பண்டிகை நாளா சாதாரண நாளா என்று தெரியாமல் லேவியர் தடுமாறினார்கள். அதன்பின் மாலைப் பலிநேரம் வரை வரும் சாட்சிகளையே ஏற்பது என்று விதித்தார்கள்.

பூங்காவை விட்டுப் போகுமுன் மதிலின் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். கி.பி. 70-ல் மேலிருந்து தள்ளப்பட்ட கற்கள் தெருவில் குவிந்தபடியே இருக்கின்றன. "ஊதும் இடத்துக்கு" என்ற பொருளில் எபிரெயு எழுத்து வெட்டிய கல்லை பெஞ்சமின் மசாரின் குழு 1968-ல் இங்கேதான் கண்டெடுத்தது. ஓய்வுநாள் தொடங்குவதையும் முடிவதையும் ஆசாரியர் ஒருவர் நின்று ஊதி அறிவித்த மூலை இது. இங்கே இருப்பது நகல். மூலக்கல் நகரின் மேற்கே இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வெள்ளி மாலை பக்கத்திலுள்ள மேற்கு மதிலுக்குப் போகிறவர்கள், ஓய்வுநாள் தொடங்குவதால், சூரியன் மறையுமுன் கேமராவையும் கைபேசியையும் உள்ளே வைத்துவிட வேண்டும்.